எத்தனை நாள் என்று கேட்காதவன்

"கேக்காம அடுத்தவங்க பேப்பர்ல கிறுக்கறது என்னங்க பழக்கம்?"

மழைக்கு ஜெராக்ஸ் கடையில் ஒதுங்கியிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வானம் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இவள் பொரிந்துகொண்டிருந்தாள்.

திட்டு வாங்கியவன் நிதானமாக நிமிர்ந்தான். காதில் ஒரு பென்சில், கையில் இன்னொரு பென்சில். இரண்டு பேருடைய தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து அவன் கையில் கொடுத்தது கடைக்காரம்மாவின் தவறுதான். ஆனால் தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் படித்தானே... படித்ததோடு நிற்காமல் வட்டம் வேறு போட்டானே... அதற்கும் கடைக்காரம்மாவா பொறுப்பு?

"மன்னிச்சுக்கோங்க. கை சும்மா இருக்கல" என்றான். "ஆனா ஒண்ணு சொல்லுங்க. இந்தப் பதினேழாவது பேஷண்ட் மைனஸ் அரை தடவை கீழ விழுவாங்கன்னு போட்டிருக்கே... அது எப்படிங்க?"

"என்ன?"

"விழவே இல்லைன்னா சைபர். அதுக்கும் கீழ போகணும்னா, அந்தம்மா தரையிலேருந்து எழும்பி மேல பறந்தாத்தான் உண்டு."

ஓரத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது.

"இது எங்கண்ணன் போட்ட கணக்கு. இருபது வருஷமா காலேஜ்ல கணக்குப் பாடம் எடுக்கறாரு, தெரியுமா?"

"கணக்குல தப்பே இல்லைங்க. எந்தக் கணக்கைப் போடறதுன்னு எடுத்த முடிவுலதான் தப்பு. எண்ணி வர்ற விஷயத்துக்கு, அளந்து வர்றதுக்குப் போடற நேர்கோட்டு ரிக்ரெஷனைப் போட்டிருக்காரு. அப்புறம் இங்க பாருங்க... தனி வீடுன்னா ஒண்ணு, மாடி வீடுன்னா ரெண்டு, லிஃப்ட் இல்லாத குடியிருப்புன்னா மூணு. அதையும் நிஜ நம்பர்னு நினைச்சு உள்ள விட்டிருக்காரு. அது வெறும் அடையாளம்ங்க. மூணு தனி வீட்டை ஒட்டி வச்சா ஒரு குடியிருப்பு வந்துடுமா?"

அவன் கண்களில் கிண்டல் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் அந்தக் கண்கள் புதிர் கிடைத்த குழந்தையின் கண்கள் மாதிரி மின்னின... பிறகு தாளை விட்டு மெல்ல ஏறி, அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியில் வந்து நின்று, அங்கேயே வழி தெரியாமல் தடுமாறின.

வெடுக்கென்று தாள்களைப் பிடுங்கினாள். வெள்ளைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு அந்த மழையிலேயே இறங்கி நடந்தாள்.

இப்படி மழையில் இறங்கி நடக்கிற அளவுக்கு அவளுக்கு என்ன அவசரம் என்று கேட்டால், அவசரம் என்று எதுவும் இல்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

எதிரிலிருந்த பெரிய மருத்துவமனையில் அவள் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து போகிறவர்களின் வீட்டுக்கே போய், நிற்கவும் நடக்கவும் பழக்குகிற வீட்டுச் சிகிச்சைப் பிரிவு ஒன்று அங்கே இருந்தது. அவளும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து உண்டாக்கியது. 'அதனால் பயன் உண்டா, காட்டுங்கள்' என்று டீன் கேட்டிருந்தார். அதை முடிவு செய்யும் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. பயன் இல்லையென்றால் பிரிவை மூடிவிடுவார்கள்.

அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த விவரங்களை அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணன் மூன்று வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். விடை வந்தது. இவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்த நோயாளிகள், பார்க்காதவர்களைவிடக் கிட்டத்தட்ட ஒரு தடவை அதிகமாகக் கீழே விழுகிறார்கள்.

அதிகமாக! அப்படியானால் அவள் ஏறி இறங்கிய மாடிப்படிகள் எல்லாம் எதற்கு? கெடுதல் செய்யவா? மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வந்த விடையை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளபடியே கொடுத்துவிடலாம் என்றுதான் அன்றைக்குப் பிரதி எடுக்கப் போனாள். போன இடத்தில் ஒரு பென்சில்காரன்.

தப்பு என்று சொன்னானே... ஒருவேளை தப்பாகத்தான் இருக்குமோ? இருக்கட்டுமே, கடவுளே!

செவ்வாய்க்கிழமை காலையில் இன்னொரு செய்தி தெரிந்தது. குழுவுக்குப் போகிற எந்த அறிக்கையும் நான்காம் மாடியில் பழைய கோப்பு அறைக்குப் பின்னால் இருக்கும் புள்ளியியல் நிபுணரின் கையெழுத்து இல்லாமல் போகாது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவனைப் 'பெரும்புள்ளி' என்று கூப்பிடுவார்களாம்.

கதவைத் தட்டினாள். திறந்தவன் காதில் பென்சில் இருந்தது.

"நீங்களா?" என்றாள்.

"நானேதான்... உள்ள வாங்க. திட்டறதா இருந்தா உக்காந்தே திட்டலாம்."

அவனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு மேசை, ஒரு கணினி, காய்ந்துபோன தேநீர்க் கறை. எழுந்தாள். ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

"நீங்க உக்கார மாட்டீங்களா?"

"வீட்டுல என்னைப் பம்பரம்னுதான் கூப்பிடுவாங்க. அதை விடுங்க. எங்கண்ணன் எந்த ரிக்ரெஷன் போட்டிருக்கணும்? அதைச் சொல்லுங்க."

"எந்த மாடல்னு கடைசியில கேக்கணும். தெரிஞ்சுக்க வேண்டிய பதில் எப்படிப்பட்டதுன்னுதான் முதல்ல கேக்கணும்." அவன் குரலில் தனி உற்சாகம் வந்துவிட்டது. "செருப்புக் கடையில காலைக் காட்டாம செருப்புக் கேட்டா எப்படி? முட்டி எத்தனை டிகிரி மடங்குதுன்னா, அது அளக்கறது. அதுக்கு நேர்கோடு தாராளமாப் போதும். திரும்ப ஆஸ்பத்திரியில சேர்ந்தாரா, இல்லையா? அது ஆமா-இல்ல. அதுக்கு லாஜிஸ்டிக்."

"வலி கம்மி, நடுத்தரம், அதிகம்னு நாங்க எழுதுவோமே?"

"அடடே... அது சுவாரசியமான ஆசாமி! வரிசை உண்டு, ஆனா ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எவ்வளவு தூரம்னு தெரியாது. அவருக்குத் தனியா ஒண்ணு இருக்கு. உங்க விஷயம் எத்தனை தடவை விழுந்தாங்கங்கறது. அது எண்ணறது. சைபர், ஒண்ணு, ரெண்டுன்னுதான் வரும், சைபருக்குக் கீழ போகாது. அதுக்குப் பாய்சான்னு ஒண்ணு. ஆனா உங்க ஆளுங்கள்ல பாதிப் பேர் விழவே இல்ல, நாலஞ்சு பேர் பத்துப் பத்துத் தடவை விழுந்திருக்காங்க. அந்தச் சிதறலை அது தாங்காது. அதுக்கு ஒரு அண்ணன் இருக்காரு, நெகட்டிவ் பைனாமியல்னு."

"அண்ணனா? எனக்கு இருக்கற ஒருத்தரே போதும்ங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள்... நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக. சிரித்து முடித்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். விசைப்பலகையில் விரல் இருந்தது, ஆனால் அசையவில்லை.

"கணக்கு..." என்று நினைவுபடுத்தினாள்.

"ஆ... ஆமா. கணக்கு."

வீட்டு வகைகளைத் தனித்தனி அடையாளங்களாகப் பிரித்தான். புதிய மாடலை ஓட்டினான். திரையைப் பார்த்தவன் முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல வடிந்தது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சொல்லுங்க. பரவாயில்ல."

"ஒண்ணு புள்ளி ஆறு மடங்கு. நீங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்தவங்கதான் அதிகமா விழறாங்க. மாடல் மாறிச்சு... பதில் மாறல. இது சரியான மாடல்ங்க. சந்தேகமே இல்ல."

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது போலிருந்தது அவளுக்கு.

"அப்போ நேத்து எதுக்கு அதைத் தப்புன்னு சொன்னீங்க? நான் பாட்டுக்கு ஒத்துக்கிட்டுத்தானே இருந்தேன்? எதுக்கு ஒரு ராத்திரி பூரா என்னை நம்ப வச்சீங்க?"

அவன் பழைய விடையை அடித்துவிட்டுப் புதியதை எழுதினான். அறிக்கையின் கீழே கையெழுத்துப் போட்டான். அவள் அதை வாங்கிக்கொண்டு, நன்றி என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினாள். கோபம் அவன் மேலா, தன் மேலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

வீட்டில் அடுத்த பூகம்பம் காத்திருந்தது.

"என் கணக்கை ஊரான் ஒருத்தன்கிட்டக் கொண்டுபோய்ச் சரிபார்த்தியாமே?" என்றார் அண்ணன். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பர் ஒருவர் மூலம், அவள் வருவதற்கு முன்பே அவருக்குச் செய்தி வந்துவிட்டது. அண்ணனுக்குத் தான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

"சரிபார்க்கல அண்ணா. கையெழுத்துக்குப் போனேன்..."

"அவன் என்ன சொன்னான்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "மாடல் தப்புன்னு சொன்னாரு."

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அத்தோடு பேச்சு நின்றது. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர். அவர் பேசாவிட்டால் வீட்டின் சுவர்கள்கூட முறைப்பது மாதிரி இருக்கும்.

அண்ணி மட்டும் அவள் அறைக்கு வந்தாள். "நேத்து ராத்திரி பூரா திட்டினியே, அந்தப் பென்சில்காரர் எப்படி இருப்பாரு?"

"அண்ணி! நான் எந்த நிலைமையில இருக்கேன், நீங்க என்ன கேக்கறீங்க?"

"அவரைத் திட்டறப்போ நீ மூச்சுகூட விடறதில்ல. அதான் கேட்டேன்."

புதன்கிழமை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் வேலை வேலைதானே? மூன்றாம் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டுக்குப் போனாள். அவரை நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரச் செய்தாள். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இந்த வாரம் எங்கயாவது விழுந்தீங்களா ஐயா?"

"இல்லம்மா. நீயும் ஆறு மாசமா வாராவாரம் விடாம கேக்கறே." பெரியவர் மூச்சு வாங்கச் சிரித்தார். "பக்கத்து வீட்டுக்காரருக்கும் என்னை மாதிரியேதான் ஆபரேஷன். நீங்க யாரும் அவர் வீட்டுக்கு வரல. ரெண்டு மாசம் கழிச்சு ஆஸ்பத்திரியிலேருந்து ஒரே ஒரு போன் வந்துச்சாம், விழுந்தீங்களான்னு. ஒரு தடவைன்னாராம். அதுக்கப்புறம் மனுஷன் நாலு தடவை விழுந்துட்டாரு. யார்கிட்டச் சொல்லுவாரு?"

அவள் அவர் கையைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

ஆறு மாதம். இரண்டு மாதம்.

இவரை ஆறு மாதம் எண்ணியிருக்கிறாள். அவரை இரண்டே மாதம் எண்ணியிருக்கிறாள். ஆறு மாதம் எண்ணினால் அதிகம் வராமல் என்ன செய்யும்? குறிப்பேட்டில் ஒவ்வொருவருக்கும் எண்ணத் தொடங்கிய தேதியும் நிறுத்திய தேதியும் அவள்தான் எழுதினாள். அண்ணனுக்குக் கொடுத்த கோப்பிலும் இருந்தது. அச்சான தாளில் மட்டும் இல்லையே... எங்கே போனது?

வியாழக்கிழமை மதியம் நான்காம் மாடிக் கதவை அவள் தட்டவில்லை. திறந்துகொண்டே உள்ளே போனாள்.

"எத்தனை நாள்னு நீங்க கேக்கவே இல்லையே!"

அவனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஒரு நொடியில் முகம் வெளுத்தது. மேசையில் கிடந்த தாளை இழுத்தான், தலைப்பு வரிசையில் விரலை ஓட்டினான், நிறுத்தினான்.

"தேதி இதுல இல்ல..." என்றான்.

"இல்லைன்னாத்தானே கேக்கணும்? நீங்கதானே கேள்வி கேக்கற ஆளு?"

"ஆமா." தலை குனிந்தது. "நான்தான் கேக்கணும். எண்ணற விஷயம்னு வந்தா எத்தனை நாள் எண்ணினாங்கன்னுதான் அடுத்த கேள்வி. பதினோரு வருஷத்துல அதைக் கேக்காம ஒரு பேப்பரை நான் விட்டதில்ல."

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் இந்த யானை சறுக்கியதில் நசுங்கப்போவது அவளுடைய பிரிவு அல்லவா? அவன் கையெழுத்தோடு அறிக்கை காலையிலேயே டீன் மேசைக்குப் போய்விட்டது. இனி இவன் ஒத்துக்கொள்வானா? தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பானா? அவள் கெஞ்சவில்லை. கெஞ்சவும் மாட்டாள். நின்று பார்த்தாள்.

"தேதியோட இருக்கற பழைய ஃபைல் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டான்.

"என் அண்ணன்கிட்ட. அவர் என்கூடப் பேசறதில்ல. உங்களாலதான்."

"அப்போ நானும் வரேன்" என்று காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தான்.

சாயங்காலப் பேருந்தில் நிற்கவும் இடமில்லை. வெளியே மறுபடி மழை. அவளைச் சுற்றி நெரிசல் வராதபடி கம்பியைப் பிடித்துக் குறுக்கே நின்றான். ஜன்னல் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அதில் அப்படி ஒரு குற்ற உணர்வு... இவன் மேல் எப்படித்தான் கோபப்படுவது? கோபம் வேண்டும் என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

கதவைத் திறந்த அண்ணன் வந்தவனை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு?"

"உங்க மாடலைத் தப்புன்னு சொன்னவன் சார். நான் போட்ட கணக்கும் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சண்டைக்குத் தயாராக இருந்த அண்ணனுக்கு இப்படி ஒரு ஆரம்பம் எதிர்பாராதது. என்ன செய்வதென்று தெரியாமல் வழிவிட்டார். அண்ணி சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். இவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இவள் முறைத்தாள்.

"தேதி ரெண்டு வரிசை இருந்துச்சே அண்ணா... எங்க?"

"தேதியை வச்சு என்ன பண்றது? அது ஒரு மாறியா? இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சுன்னு நான்தான் எடுத்துட்டேன்" என்றார் அண்ணன். சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் இறங்கியது. கணக்கு வாத்தியார் ஆயிற்றே... நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். "எல்லாரையும் ஒரே அளவு நாள்தானே எண்ணினீங்க?"

"இல்ல அண்ணா."

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க எடுத்தது தப்புதான் சார்" என்றான் அவன் மெதுவாக. "ஆனா எங்கன்னு கேக்க வேண்டியது என் வேலை. நான் கேக்கல. அதனால பெரிய தப்பு என்னோடது."

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் இரண்டு ஆண்களும் கணினியும்தான். அவளும் அண்ணியும் வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனைன்னு வகுத்துட்டாப் போச்சு!"

"வகுத்தா எண்ணற குணமே போயிடும் சார். நாள் கணக்கை மாடலுக்கு உள்ளயே வைக்கணும். ஆனா அதுக்குக் குணகம் தேடக் கூடாது, ஒண்ணுன்னு கட்டிப் போட்டுடணும்."

"லாகரிதம் எடுத்துட்டா?"

"அதேதான் சார்!"

"இதை முதல்லயே எனக்குச் சொல்லியிருந்தா நான் ஏன்யா நேர்கோடு போடறேன்!" என்று அண்ணன் உரிமையோடு அவன் முதுகில் தட்டினார். ஓட்டினார்கள். அண்ணன் திரையைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"பம்பரம்... இங்க வா. புள்ளி அஞ்சு மூணு."

"அப்படின்னா?"

"நீங்க போய்ப் பார்த்தவங்க, பார்க்காதவங்களைவிடக் கிட்டத்தட்டப் பாதிதான் விழறாங்க" என்றான் அவன்.

அவள் அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அத்தனை மாடிப்படிகளும் வீண் இல்லை. அவள் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அவ்வளவு நாள் நெஞ்சில் கிடந்த பாரம் அழுகையாக வெளியே வந்தது, யாரும் அதைத் தடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பேர். டீன் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"நான்தான் சார்" என்று அவன் எழுந்தான். "அது தப்பு. அதைத் திரும்ப எடுத்துக்கறேன். கண்டுபிடிச்சது நான் இல்ல, இந்தம்மா. அவங்க சொல்லலைன்னா நல்லா நடக்கற ஒரு பிரிவை மூட நான் காரணமா இருந்திருப்பேன்."

மேசையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பதினோரு வருஷப் பெரும்புள்ளி, பத்துப் பேர் முன்னால் இப்படிச் சொன்னால் வேறு என்ன செய்வார்கள்?

"உங்ககிட்ட இப்படி ஒரு தப்பை நான் எதிர்பார்க்கல. எப்படி நடந்துச்சு?"

அவன் வாயைத் திறந்தான். அவள் பக்கம் ஒரு தடவை பார்த்தான். "கவனம் தவறிடுச்சு சார்" என்றான்.

ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். முடிவில், பிரிவு இன்னும் ஒரு வருஷம் நடக்கட்டும், ஆனால் இந்தத் தடவை இரண்டு பக்கத்தாரையும் ஒரே அளவு நாள் எண்ண வேண்டும் என்று டீன் சொல்லிவிட்டு எழுந்தார். கூட வேலை பார்க்கிற நாலு பேரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவள் கண்கள் மட்டும் அவனைத் தேடின. அவன் எப்போதோ வெளியே போயிருந்தான்.

மாடிப்படித் திருப்பத்தில் பிடித்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"நன்றின்னு சொல்ல வந்தா இப்படி ஓடறீங்களே!"

"நன்றியா? எனக்கா? உங்க பிரிவையே மூடப் பார்த்தவன் நான்..."

"உண்மையைச் சொல்லுங்க. பதினோரு வருஷமா மறக்காத கேள்வி... செவ்வாய்க்கிழமை மட்டும் எப்படி மறந்துச்சு?"

அவன் படிக்கட்டைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.

"டீன்கிட்டச் சொல்ல முடியல" என்றான் கடைசியில். "நீங்க எதிர்ல உக்காந்திருந்தீங்க. எழுந்து ஜன்னல்கிட்டப் போனீங்க, திரும்பி வந்தீங்க... அப்புறம் சிரிச்சீங்க. அதுக்கப்புறம் எனக்கு என்ன கேக்கணும்னே தெரியல. கை பாட்டுக்கு வேலை செஞ்சுது, கண்ணு உங்களையே பார்த்துட்டு இருந்துது. தப்புதான். பெரிய தப்பு. ஆனா எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல..."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆறு மாத உழைப்பு, நாலு பேரின் வேலை, அத்தனை நோயாளிகள்... எல்லாம் இவன் கண் அலைந்ததில் போயிருக்குமே! அந்தக் கோபத்துக்கு அடியிலேயே சிரிப்பும் வந்தது. சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்று அவளுக்கு இப்போது நன்றாகவே தெரிந்தது. மழையில் இறங்கி நடந்த அன்றைக்கே இருந்திருக்கிறது.

"இனிமே நீங்க என் எதிர்ல உக்காந்து கணக்குப் போடவே கூடாது" என்றாள்.

அவன் முகம் வாடியது. "சரிங்க..."

"என்ன சரி? பக்கத்துல உக்காந்து போடுங்க" என்று சொல்லிவிட்டு, அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள்.